எங்களுக்கு எதுவும் வேண்டாம்

செப்டம்பர் 26

மலாவியிலிருந்து திரும்பி ஒரு வாரம் ஆகிறது. பெட்டியின் சக்கரத்தில் இன்னும் அந்த ஊர்ச் செம்மண் ஒட்டியிருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

இன்று காலை பல் துலக்கும்போது ஒரு யோசனை வந்தது. வாயில் நுரையோடு ஓடிப்போய் என் கணவரிடம் சொன்னேன். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. வாய் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி சொன்னேன்.

வருகிற தீபாவளி எங்கள் தலைத் தீபாவளி. அப்பா அவருக்கு மோதிரம் போடுவார். எனக்குப் பட்டு. இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் துணி, வெள்ளிக் கிண்ணம், குத்துவிளக்கு என்று கொண்டுவந்து குவிப்பார்கள். கல்யாணத்துக்கு வந்த குத்துவிளக்குகளே பெட்டி பிரிக்காமல் பரண்மேல் கிடக்கின்றன. அதெல்லாம் வேண்டாம், அதற்குப் பதிலாக அந்த அறைக்குக் கட்டில் செய்து கொடுங்கள் என்று கேட்டால் என்ன?

அந்த அறையைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். வைகாசியில் கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாமல் கம்பெனி என்னை அனுப்பியது. ரத்தப் பரிசோதனை இயந்திரம் செய்யும் கோவைக் கம்பெனி. ஏரிக்கரையில் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்கு எங்கள் இயந்திரங்கள் போயின. அவற்றை இயக்கச் சொல்லிக்கொடுக்க நானும் போனேன். நான் தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த கட்டடத்தில்தான் அந்த அறை. ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வலி கண்ட பிறகு கிளம்பினால் படகு கிடைக்காது. அதனால் நாள் நெருங்கிய பெண்கள் இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே வந்து காத்திருப்பார்கள். தகரக் கூரை, ஒரே நீள அறை, சிமெண்டுத் தரை. நிறைமாத வயிற்றோடு தரையிலிருந்து எழுவதைத் தினமும் பார்த்தேன். முதலில் ஒரு கை, பிறகு முழங்கால், பிறகு பக்கத்தில் இருப்பவளின் தோள். அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவச்சி தமாண்டா, சுவரில் ஒரு கறையைக் காட்டினாள். மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறுமாம். டிசம்பரில் மழை பிடித்துவிடும்.

நடுவில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் வந்தது. அது பெரிய விஷயமில்லை.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மொதல்ல உங்கப்பாகிட்ட நேர்ல சொல்லிரு" என்றார். பிறகு தூங்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 27

தமாண்டாவுடன் வீடியோவில் பேசினேன். அந்த ஊர்த் தச்சரே செய்துவிடுவார், மரமும் அங்கேயே கிடைக்கும், அறை பத்துக் கட்டில் கொள்ளும் என்றாள். மழைக்கு முன்னால் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள். கடைசியில், சாப்பிடுகிறாயா, எடை ஏறியதா என்று கேட்டு என்னைக் கேமரா முன்னால் எழுந்து நிற்கச் சொன்னாள். நின்று காட்டினேன்.

நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. அத்தை, அதாவது அவருடைய அம்மா, நான் பாத்திரம் கழுவும்போது பாடினேன் என்கிறார். எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 4

எழுதி முடித்தேன். இரண்டு குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாயிற்று.

நேரில் சொல்லச் சொன்னார்தான். ஆனால் எனக்குப் பேச்சில் வராதது எழுத்தில் வரும். அப்பா முன்னால் நின்றால் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. முதல் இரண்டு பத்தியில் எது எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்று எழுதினேன். மூன்றாவது பத்தியில் அந்த அறை. நான்காவதில் கட்டில். ஒரு சொல்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்று தோன்றும்வரை திருத்தினேன். அனுப்பிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் துணி எடுத்தேன்.

அக்டோபர் 5

நீளமான செய்தியை வாட்ஸ்அப் நடுவில் வெட்டிவிடும், கீழே "மேலும் படிக்க" என்று இருக்கும், அதை அழுத்தினால்தான் மீதி தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒருவரும் அழுத்தவில்லை.

ஆக, இரண்டு குடும்பமும் படித்தது இவ்வளவுதான்: இந்தத் தலைத் தீபாவளிக்கு எங்களுக்குத் துணி வேண்டாம், நகை வேண்டாம், பலகாரம் வேண்டாம், யாரும் எதையும் கொண்டுவர வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் தீபாவளிக்குப் பலகாரம் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? சாவு விழுந்த வீட்டில்தான் சொல்வார்கள். விடிந்தும் விடியாமலும் தனபாக்கியம் பெரியம்மா அம்மாவைக் கூப்பிட்டு, சம்பந்தி வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று கேட்டிருக்கிறார். யாரும் போகவில்லை என்றதும் அவருக்கு இன்னும் பயம் வந்துவிட்டது. அப்படியானால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ ஆகிவிட்டது, கல்யாணமான சூட்டோடு அவளை வெளிநாட்டுக்கு அனுப்பினீர்களே என்று அழுகை. அவருடைய பக்கத்திலோ வேறு கதை. பெண் வீட்டுக்காரர்கள் சீரிலிருந்து தப்பிக்கப் பெண்ணைவிட்டே எழுத வைத்துவிட்டார்கள் என்று ஒரு சித்தப்பா இவருக்குப் போன் செய்தார். இவர், "கீழ அழுத்திப் படிங்க சித்தப்பா" என்று மூன்று முறை சொன்னது காதில் விழுந்தது.

அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் அத்தைக்கே தெரிந்திருக்கிறது. மாவரைத்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாளைக்கு இட்லிக்கு வரும்.

அக்டோபர் 6

அப்பா போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 10

பைக்கில் பெருந்துறை போனோம். அப்பா மளிகைக் கடையில் இருந்தார். இவருக்குச் சோடா வாங்கிவரச் சொன்னார், ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், மில் வேலையெல்லாம் விசாரித்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நானாக ஆரம்பித்தேன். அந்த அறை, ஏரி, மழை எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கொத்தமல்லி எடை போட்டுக்கொண்டே கேட்டார்.

"தர்மம் பண்ண வேண்டாம்னு நாஞ் சொல்லல. பழனி பாத யாத்திரைக்கு வருசா வருசம் மோர் ஊத்தறேன், யாரும் கேட்டா பண்ணறேன்? தர்மம் வேற, சீரு வேற. சீருங்கறது என்ற புள்ளைக்கி நாஞ் செய்யறது. அதைக் கொண்டுபோயி ஊரு பேரு தெரியாத எடத்துல வெய்யிங்கற. அவங்களுக்குச் சீரு செய்ய நான் யாரு அம்மிணி?"

எத்தனை படித்திருக்கிறேன், மனிதர்கள் எல்லோரும் ஒன்று என்பதை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு வரியைக்கூட அந்தக் கல்லாப் பெட்டிக்கு முன்னால் எடுத்துச் சொல்ல முடியவில்லை. இவர் வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

திரும்பும்போது கவுந்தப்பாடியில் நிறுத்திக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். "காய்ச்சலப் பத்திச் சொல்லியிருந்தா உங்கப்பாவுக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார். அதைச் சொன்னால் அம்மா இனி என்னைக் கோவைக்குக்கூட அனுப்ப மாட்டாள் என்றேன். என் டம்ளரில் ஐஸ் போட வேண்டாம் என்று கடைக்காரரிடம் அவராகவே சொல்லியிருந்தார்.

அக்டோபர் 13

அத்தை இன்று கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார், அந்தப் பெண்கள் ஏன் அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது என்று. அம்மா வீடும் ஏரிக்கு அந்தப் பக்கம்தான் அத்தை என்றேன். யார் சமைத்துப் போடுகிறார்கள்? அவர்களே, கல் கூட்டி, சோளக்களி. கூட யார் இருப்பார்கள்? சில பேருக்கு யாரும் இல்லை.

ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளிவிட்டு, "கட்டல்ல பேரு எழுதுவாங்களா?" என்றார்.

அக்டோபர் 14

பெயர் எழுத வேண்டுமாம். கோயில் டியூப் லைட்டில் எழுதுவார்களே, உபயம் இன்னார் என்று, அதுபோல. லைட்டே எரிவது தெரியாத அளவுக்கு எழுதியிருப்பார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறேன். கொடுப்பதைச் சத்தமில்லாமல் கொடுக்கக் கூடாதா? முடியவே முடியாது என்று சொல்லிவிடத் தீர்மானித்து, அதற்கு முன்னால் ஒரு மரியாதைக்குத் தமாண்டாவிடம் கேட்டேன்.

அவளுக்கு ஒரே உற்சாகம். அவர்கள் தேவாலயத்து பெஞ்சுகளிலெல்லாம் கொடுத்தவர் பெயர் இருக்கிறதாம். பெயர் இல்லாத பொருளை யாருக்கும் சொந்தமில்லை என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். போர்டு எழுதுகிறவர் ஒருவர் இருக்கிறார், எழுத்தைக் காகிதத்தில் பெரிதாக எழுதி அனுப்பு, பார்த்து வரைந்துவிடுவார் என்றாள்.

சரி. என் எரிச்சலைக் கொஞ்சம் மடித்து வைக்கிறேன்.

அக்டோபர் 17

எல்லாம் போயிற்று. பத்துக் கட்டிலுக்கும் ஆள் வந்துவிட்டது. பெயர் உண்டு என்று அத்தை நான்கு பேரிடம் சொன்னதுதான் தாமதம். தனபாக்கியம் பெரியம்மா முதல் ஆள், வாசலுக்குப் பக்கத்துக் கட்டில்தான் வேண்டும் என்று நிபந்தனையோடு. தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்ற சித்தப்பா, தன் பெயருக்கு முன்னால் கொத்தனூரார் என்று ஊர்ப் பெயரும் வர வேண்டும் என்கிறார். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு முறை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அத்தை திட்டவில்லை, அவரும் போனில்தான் இருந்தார்.

தச்சர் வேலையைத் தொடங்கிவிட்டார். நான் சமையலறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். இவர் வாசலில் நின்றிருந்தார்.

அப்பாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

அக்டோபர் 25

தீபாவளிக்கு அழைக்க அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வெற்றிலை, தேங்காய், பழம், இனிப்பு, வேட்டி சட்டை, பட்டு, எல்லாம் தட்டுத் தட்டாக. ஒன்றும் குறைக்கவில்லை. என் செய்தியை நான் எழுதவே இல்லை என்பது மாதிரி நடந்துகொண்டார் அப்பா. கட்டில் பேச்சு வந்தபோது விட்டத்தைப் பார்த்தார்.

அத்தை அவருக்குக் காபி கொடுத்தபடியே சொன்னார்: "அண்ணா, என்ற பேருல இருக்கற கட்டல நீங்க எடுத்துக்கறீங்களா? ஆரு செய்யாட்டியும் நம்ம செய்யோணுமுங்க. புள்ள நெனப்புத் தப்பி நாலு நாளு கெடந்தப்போ அந்த வாயும் வயிறுமா இருக்கறவளுக தானுங்களே மாத்தி மாத்தி ஒக்காந்து பாத்தாளுக."

அப்பாவின் கை அப்படியே நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள்.

அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது, அவர்களுக்குத் தெரியாது என்று. ஆனால் ஆரம்பித்ததை எங்கே நிறுத்துவது? மலேரியா தலைக்கு ஏறியது, ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் அந்த அறையிலேயே போட்டது, தமாண்டா இவருக்குப் போன் செய்தது எல்லாம் வந்துவிட்டது. "இவன் ரெண்டு நாளாச் சோத்துல கையே வெக்கலீங். பல்லுவலிங்கறான். நானும் நம்பலயே, உலுக்கி உலுக்கிக் கேட்டுத்தான் வாங்குனேன்."

இவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சோறு சாப்பிடாதது எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது எழுதப் போவதில்லை.

அந்த நான்கு நாளில் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். நெற்றியில் ஈரத்துணி. துணியை மாற்றக் குனிகிறவளின் வயிறு என் தோளில் இடிக்கும். உள்ளேயிருந்து ஓர் உதை. யாருடைய குழந்தை, எத்தனை பேருடையது, தெரியாது. கண் விழித்தபோது ஐந்து பேர் என்னைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சிரித்து, எழ முடியாமல் மற்றவள் தோளைப் பிடித்து எழுந்துபோய் தமாண்டாவைக் கூட்டிவந்தாள்.

அப்பா காபியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். வேப்பமரத்துப் பக்கம் ரொம்ப நேரம் நின்றார். போகும்போது என் தலையில் கை வைத்தார். அம்மா பேசினாள், போதும் போதும் என்கிற அளவுக்கு.

அக்டோபர் 26

காலை ஏழு மணிக்கு அப்பாவின் போன்.

"பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேணும்?"

அக்டோபர் 28

மூன்று நாளாகச் சண்டை. நவம்பர் கடைசியில் இயந்திரங்களைச் சரிபார்க்க நான் மறுபடி போகிறேன். அப்பா கூட வருகிறாராம். ஏன் என்றால், சீரைப் பேங்கில் அனுப்புவார்களா, கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும் என்கிறார். டிக்கெட் காசுக்கு அங்கே எத்தனை நல்ல காரியம் செய்யலாம் என்று நான் விளக்கினேன். நியாயமான வாதம்தான், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். "அதெல்லாம் நீ செய்யி. பொண்ணைப் பாத்துக்கிட்ட வீட்டுக்கு அப்பன்காரன் போவோணும், அவ்வளவுதான்" என்று போனை வைத்துவிட்டார்.

இவரிடம் முறையிட்டேன். இவர் அப்பாவைக் கூப்பிட்டு, "மாமா, மோதிரத்துக்குப் பதிலா டிக்கெட் எடுத்துருங்க. நான் மெஷின்ல கை வெக்கறவன், மோதிரம் போடவும் முடியாது" என்று சொல்லிவிட்டார். எனக்கு உதவி செய்ததாக நினைக்கிறாரா, அப்பாவுக்கா? கோபமாகத்தான் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டேன் போல. என்ன என்று கேட்டார்.

நவம்பர் 3

அப்பா சென்னை போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுவந்தார். கை வலிக்கிறது என்பதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறாராம்.

தமாண்டா அனுப்பிய படம்: வரிசையாகக் கட்டில் சட்டங்கள். ஏரிக்கு மேலே மேகம் கட்டத் தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாள்.

நவம்பர் 8, தீபாவளி

பெருந்துறை. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, எல்லாம் ஆயிற்று. தனபாக்கியம் பெரியம்மா மாப்பிள்ளையின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பலகாரத் தட்டை அவர் பக்கம் தள்ளி, "மோதரம் ஏரோப்ளேன் ஏறப் போவுதுங்கோ" என்றார். இப்படிச் சிரித்து அப்பாவைப் பார்த்து எவ்வளவு காலமாகிறது.

அம்மா பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கொதிநீரில் போட்டு அலசி, கிழித்து, மடித்து வைத்திருக்கிறாள். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் போடக் கூடாது, இத்தனை மெத்தென்று அங்கே எங்கே கிடைக்கும் என்கிறாள். வளையல், மஞ்சள், எவர்சில்வர் தட்டு. எடை கூடிவிடும் என்று சொன்னேன். என் துணியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னாள்.

மாலையில் இவரும் நானும் தெருவில் புஸ்வாணம் வைத்தோம். இந்த முறை உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் நீயே எனக்குச் சொல்ல வேண்டும், தமாண்டா சொல்லிக் கேட்கக் கூடாது என்றார். சரி என்றேன். திரி பற்ற நேரமானது. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

நவம்பர் 27

கோவை விமான நிலையம். சீர்த் தட்டுக்கு என்று கொண்டுவந்த தேங்காயைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட்டார்கள். தேங்காய் இல்லாமல் தட்டு வைப்பதா என்று அப்பா அந்தப் பெண்ணிடம் நியாயம் கேட்டார். அவள் தமிழ்ப் பெண்தான். "எனக்குத் தெரியுமுங்க அப்பா. ஆனா ரூல்ஸுங்க" என்றாள்.

நவம்பர் 29

வந்து சேர்ந்தோம். மழை இன்னும் வரவில்லை. வானம் ஏரி நிறத்தில் இருக்கிறது. காற்றில் ஈரம்.

பத்துக் கட்டிலும் போட்டாயிற்று. தலைமாட்டில் நீல நிறத்தில் தமிழ் எழுத்து. அப்பா ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பெயரைச் சத்தமாகப் படித்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். தனபாக்கியம் பெரியம்மாவின் பெயருக்குக் கீழே ஒல்லியாக ஒருத்தி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தரையை அவள் கால் தொடவில்லை.

என்னைப் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்று அப்பா கேட்டார். தமாண்டா தலையை ஆட்டினாள். அவர்கள் எல்லோரும் பெற்றுக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள், இவர்கள் வேறு பெண்கள் என்றாள். நான் தமிழில் சொன்னேன். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தார் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"அதனால என்ன. அவங்களும் என்ற புள்ளைய ஆருன்னு தெரிஞ்சா பாத்தாங்க?"

தட்டுகளை வரிசையாக வைத்தோம். வளையல், மஞ்சள், வெல்லம், வேட்டித் துணி. தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில் தமாண்டா வீட்டு மாம்பழம், இரண்டு கை கொள்ளாத அளவு. வாங்கிக்கொள்ள நான் கை நீட்டியபோது அப்பா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கொண்டுவந்த வீட்டுப் பெண்ணே வாங்கக் கூடாதாம்.

அப்போது ஒரு தயக்கம். யார் வாங்குவது? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தமாண்டா நாள் மிகவும் நெருங்கியவளை அழைத்துவந்து நிறுத்தினாள். பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். இது எதற்கு, என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றும் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூரையில் முதல் துளிகள் விழுந்தன. எல்லோரும் மேலே பார்த்தார்கள், அப்பாவைத் தவிர.

வரும் வழியெல்லாம் அவர் என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். அதைச் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். தட்டை இரண்டு கையாலும் எடுத்து அவள் முன்னால் நீட்டினார்.

"வாங்கிக்க கண்ணு" என்றார். "அப்பன் வந்திருக்கறேன்."

அவள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.